பூஞ்சை நச்சும் உடல்நலக் குறிகளும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பூஞ்சையால் மனிதருக்கு நேரும் கேடு தொற்று, ஒவ்வாமை, நஞ்சூட்டம் என மூவகைப்படும். பொதுவழக்கில் இம்மூன்றும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து மற்றோரிடத்திலுமாக அமைந்துவிடுகின்றன. இந்தியாவில் பதிவான பூஞ்சை நஞ்சூட்ட நிகழ்வுகளின் துணைகொண்டு, அவற்றின் உடல்நலக் குறிகளை இக்கட்டுரை விளக்குகிறது. திண்டுக்கல் சமவெளி போன்ற மானாவாரி நிலப்பகுதியில் இந்நச்சு மனித உடலை அடையும் முதன்மை வழி ஈரச் சுவரன்று. உணவும் கால்நடைத் தீவனமுமே என்பது இக்கட்டுரையின் கருத்து. குறிகளை மட்டும் கொண்டு இந்நஞ்சூட்டத்தை அறிய இயலாது என்பதும், உண்ட பொருளின் வரலாற்றைக் கேட்டறிவதே முதற்படி என்பதும் இதனால் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பூஞ்சை நச்சு, அஃப்ளாடாக்சின், நிலக்கடலை, மக்காச்சோளம், புண்ணாக்கு, பால், திண்டுக்கல்

1. முன்னுரை

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழ்நாடு அரசு கருப்புப் பூஞ்சை நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்நாள்களில் மற்றொரு செய்தியும் நாடெங்கும் பரவியது. வெங்காயத் தோலில் காணப்படும் கருநிறப் பொடியே அந்நோய்க்குக் காரணம் என்பதே அச்செய்தி. சின்ன வெங்காய வணிகத்திற்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் போன்ற ஊருக்கு இது வெறும் வதந்தியாக மட்டும் இருக்க இயலாது. விளைவித்தவரின் வருவாயும் வாங்குபவரின் நம்பிக்கையும் அதில் அடங்கியுள்ளன.

உண்மை வேறு. வெங்காயத் தோலின் கருமை பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையால் தோன்றுவது. கருப்புப் பூஞ்சை நோயோ மியூக்கர் வகைப் பூஞ்சைகள் உடலுக்குள் புகுந்து திசுக்களை அழிப்பதால் நேர்வது. கட்டுப்படாத நீரிழிவும், அளவுக்கு மிஞ்சிய ஸ்டீராய்டு மருந்துகளும் அதற்கு இடமளித்தன. நிற ஒற்றுமை தவிர இவ்விரண்டிற்கும் தொடர்பில்லை.

கவனிக்கத்தக்கது யாதெனில், வெங்காயத் தோலின் கருமையைக் கண்டு அஞ்சியவர்கள் அதே காலத்தில் சுருங்கிய நிலக்கடலைப் பருப்பைப் பொறுக்காமல் உண்ணவும், பூசணம் படிந்த புண்ணாக்கைப் பசுவுக்கு ஊறவைக்கவும் தயங்கவில்லை என்பதாகும். அறிவியல் சான்று மிகுந்த ஆபத்து இரண்டாவதில்தான் உள்ளது. இந்த இடமாற்றத்தைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பூஞ்சைக் கேட்டின் மூன்று வகைகள்

முதலாவது தொற்று. உயிருள்ள பூஞ்சை உடலில் வேரூன்றி வளர்வது இது. படர்தாமரை முதல் கருப்புப் பூஞ்சை நோய் வரை இதில் அடங்கும். வயல்வேலையின்போது தாளோ இலையோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் உண்டாவதும் இவ்வகையே. திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள மதுரையில் நிகழ்ந்த கண் மருத்துவ ஆய்வுகள், நுண்ணுயிரி வளர்ப்பில் உறுதிப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் நேர்ந்தவை என 1990களிலேயே காட்டின.

இரண்டாவது ஒவ்வாமை. பூஞ்சையின் வித்துத்தூளை மூச்சில் இழுக்கும்போது உடலின் எதிர்ப்பாற்றல் மிகையாகச் செயற்படுவது இது. தும்மல், மூக்கடைப்பு, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை இதன் குறிகள். இங்குப் பூஞ்சை உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது நஞ்சூட்டம். பூஞ்சை, தான் வளரும் பொருளில் சுரந்து விடும் வேதிப்பொருள் உடலுக்குள் சென்று உறுப்புகளைத் தாக்குவது இது. பூஞ்சை மடிந்து மறைந்த பின்னும் நச்சு அப்பொருளிலேயே தங்கிவிடும். இக்கட்டுரை விளக்க முற்படுவது இம்மூன்றாவதையே.

தொற்று ஒன்றே நோயாளியின் உடலில் பூஞ்சையைத் தேடிக் காணத்தக்கது. நஞ்சூட்டத்தில் உடலில் பூஞ்சை இராது. ஆகவே, பூஞ்சைக் கொல்லி மருந்தால் பயனில்லை. இம்மூன்றையும் பிரித்தறியாத நிலையில் மருத்துவமும் திசைமாறும்.

3. கெடுதலைச் சுட்டும் தமிழ்ச் சொற்களும் அவற்றின் எல்லையும்

உணவு கெடுவதைக் குறிக்கத் தமிழில் நுட்பமான சொற்கள் பல உள்ளன. சோறும் குழம்பும் ஊசிப்போகும், எண்ணெயும் பருப்பும் காறும், தானியம் வண்டரித்து உளுத்துப்போகும், வறுத்த பண்டம் ஈரக்காற்றில் நமத்துப்போகும், காய்கறி அழுகும், ஊறுகாயில் பூசணம் பூக்கும், கடலை சொத்தையாகும். ஒவ்வொரு சொல்லும் ஒரு புலனறிவைச் சுட்டுகிறது. ஊசுதலை மூக்கும் விரலும் அறியும். காறலை நாவும் தொண்டையும் அறியும். நமத்தலைப் பல் அறியும். பூசணத்தைக் கண் அறியும். பல தலைமுறைப் பட்டறிவு இச்சொற்களில் உறைந்துள்ளது.

எனினும் அஃப்ளாடாக்சின் போன்ற நச்சு, உணவில் இருக்கும் அளவில், இப்புலன்களுள் எதற்கும் எட்டுவதில்லை. அதற்கு அங்கே நிறமும் மணமும் தனிச்சுவையும் தென்படா. பூசணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்த பருப்பு கண்ணுக்கு நல்லதாகவே தோன்றும், நச்சோ அகலாது. மறுதலையாக, பூசணம் பூத்த பொருள் யாவற்றிலும் நச்சு இருக்கும் என்றும் கூற இயலாது. பூஞ்சையின் வகையும் வளர்ந்த சூழலும் அதனை முடிவுசெய்கின்றன.

எனவே, மரபுச் சொற்கள் எச்சரிக்கைக்குப் போதுமானவை, உறுதிக்குப் போதா. சொத்தை என்று ஒதுக்கப்பட்டது ஒதுக்கப்பட்டதாகவே இருக்குமாயின் அச்சொல் உயிர்காக்கும். ஒதுக்கிய சொத்தையே குறைந்த விலைக்கு எண்ணெய் ஆட்டவோ தீவனத்திற்கோ செல்லுமாயின், அச்சொல்லின் பயன் அவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது.

4. நஞ்சூட்டம் அறியப்பட்ட வரலாறு

1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அக்குஞ்சுகள் உண்ட, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் நச்சு இருந்தது பின்னர்த் தெளிவாயிற்று. அப்பூஞ்சையின் பெயர்ச் சுருக்கத்திலிருந்தே அஃப்ளாடாக்சின் என்னும் பெயர் பிறந்தது. அறிவியல் உலகிற்கு இந்நச்சை அறிமுகப்படுத்தியது புண்ணாக்கு என்பது நம் பகுதிக்கு நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இந்தியாவில் பெருந்துயராக இது வெளிப்பட்டது 1974இன் இறுதியில். இராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களின் பழங்குடிச் சிற்றூர்களில் மஞ்சள் காமாலை பரவியது. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்குச் சென்று ஆராய்ந்தனர். பருவம் தவறிய மழையில் நனைந்து, சரிவர உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளமே அம்மக்களின் அன்றாட உணவாக இருந்தது. சில மாதிரிகளில் நச்சின் அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை இருந்தது. இன்று இந்தியாவில் தானியங்களுக்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, அவர்கள் உண்டது இவ்வரம்பைப்போல் ஆயிரம் மடங்கு. அவ்வீடுகளின் உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் வயிற்றில் நீர்கோத்து மடிந்தன. தொற்றுக் காமாலையிலிருந்து இதனைப் பிரித்தறிய அந்நாய்களின் இறப்பு துணைநின்றது.

வேறு நச்சுகளும் நம் நாட்டில் பதிவாகியுள்ளன. 1975இல் இராஜஸ்தானில், தேன் ஒழுகல் நோய் தாக்கிய கம்பை உண்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், அளவற்ற உறக்கம் ஆகியன தோன்றின. 1987இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த கோதுமையின் ரொட்டியை உண்டவர்களுக்குத் தொண்டை எரிச்சலும் வயிற்றுவலியும் பேதியும் உண்டாயின. 1995இல் தக்காணப் பீடபூமியில், அறுவடைக்கால மழையில் நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்ட 27 சிற்றூர் மக்கள் வயிற்றுவலி, வயிற்று இரைச்சல், பேதி ஆகியவற்றால் வருந்தினர். ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையின் ஃபியூமோனிசின் நச்சு அத்தானியத்தில் மிகுந்திருந்தது. அத்தானியத்தை நிறுத்தியதும் குறிகள் நீங்கின. அதனையே கோழிக்குஞ்சுகளுக்கு இட்டபோது அவற்றிற்கும் பேதி கண்டது.

இந்நிகழ்வுகள் நான்கிலும் ஒரே அமைப்பு காணப்படுகிறது. கேடுற்ற தானியம், அதனை உண்ணத் தொடங்கியபின் தோன்றும் குறி, ஒரே களஞ்சியத்தில் உண்போர் ஒருங்கே பாதிக்கப்படுதல் என்பன அவ்வமைப்பின் கூறுகள். விலங்குகளும் அதே நச்சுக்கு இலக்காவதை 1974, 1995 ஆகிய இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

5. அஃப்ளாடாக்சின் நஞ்சூட்டத்தின் குறிகள்

5.1. உடனடிக் குறிகள்

மிகுந்த அளவு நச்சு சில நாள்களோ சில வாரங்களோ தொடர்ந்து உடலிற் சேரும்போது கல்லீரல் செல்கள் மடிகின்றன. பசியின்மை, வாந்தி, மேல்வயிற்று வலி, இலேசான காய்ச்சல் ஆகியவை முதலில் தோன்றும். அடுத்துக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோக்கும், கால்கள் வீங்கும். கல்லீரல் செயலிழக்கும் நிலையில் இரத்தம் உறையும் ஆற்றல் குன்றி, உணவுப்பாதையில் குருதி கசிந்து இறப்பு நேரலாம். 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், ஈரத்துடன் சேமித்த மக்காச்சோளத்தை உண்ட 317 பேர் இவ்வாறு நோயுற்று, 125 பேர் உயிரிழந்தனர்.

இக்குறிகளுள் ஒன்றுகூட இந்நச்சுக்கு மட்டும் உரியதன்று. ஹெபடைடிஸ் வைரஸ்களும் மதுவும் சில மருந்துகளும் இதே தோற்றத்தைத் தரும். காமாலை என்றவுடன் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நோயாளி அதே தானியத்தையே தொடர்ந்து உண்டுவருவாராயின், அக்காத்திருப்பு நச்சின் அளவைப் பெருக்கும்.

5.2. நாட்பட்ட விளைவுகள்

குறைந்த அளவு நச்சு ஆண்டுக்கணக்கில் சேரும்போது வெளிக்குறி எதுவும் தோன்றாது. கல்லீரலில் இந்நச்சு வேதிமாற்றம் அடைந்து, மரபுப்பொருளான டி.என்.ஏ.வுடன் பிணைகிறது. புற்றைத் தடுக்கும் மரபணுவொன்றில் இதனால் பிழை தோன்றுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1987இலேயே அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என உறுதிசெய்த முதற்பிரிவில் வைத்தது.

ஹெபடைடிஸ் பி வைரஸுடன் இந்நச்சு சேரும்போது ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. 1990களில் ஷாங்காயில் நிகழ்ந்த ஆய்வில், கல்லீரல் புற்று ஏற்படும் வாய்ப்பு நச்சு மட்டும் உள்ளோர்க்கு 3 மடங்கும், வைரஸ் மட்டும் உள்ளோர்க்கு 7 மடங்கும், இரண்டும் உள்ளோர்க்கு ஏறத்தாழ 60 மடங்கும் மிகுந்திருந்தது. ஆகவே, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பூஞ்சை நச்சுக்கு எதிரான நடவடிக்கைகளுள் ஒன்றாகவே கருதலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள், இந்நச்சு உடலில் மிகுந்த குழந்தைகளின் வளர்ச்சி குன்றியிருந்ததைக் காட்டின. வறுமையும் நச்சும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் இவ்விரண்டின் பங்கையும் முற்றிலும் பிரித்துக் காண்பது எளிதன்று. எனினும், இத்தொடர்பு புறக்கணிக்கத்தக்கதன்று.

5.3. கால்நடைகளிடத்துக் குறிகள்

கோழிகளில் எடை கூடாமை, முட்டை குறைதல், வெளிறிக் கொழுத்த கல்லீரல், தடுப்பூசி இட்டும் நோய்த்தாக்குதல் ஆகியவை காணப்படும். பசுக்களில் தீனி மறுத்தல், பால் குறைதல், சினை பிடிப்பதில் தடை ஆகியன நேரும். பண்ணையில் இழப்பாகக் கணக்கிடப்படும் இக்குறிகள், வீட்டிற்கு முன்னறிவிப்பாகவும் அமையக்கூடும்.

6. திண்டுக்கல் சமவெளி: வறட்சிக்கும் ஈரத்திற்கும் இடையில்

மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் சூழ்ந்த நிலப்பகுதி இது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைகள் தடுத்துவிடுகின்றன. வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களின் செம்மண் நிலங்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் கிணற்றுநீரையும் நம்பியுள்ளன. மக்காச்சோளம் இம்மாவட்டத்தின் முக்கியப் பயிர்களுள் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் பழனியை அடுத்த வாகரையில் அமைந்திருப்பது இதற்குச் சான்றாகும்.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மண்ணில் இயல்பாக வாழும் பூஞ்சை. நிலக்கடலையின் காய் மண்ணுக்குள் முதிர்வதால் அதனைப் பூஞ்சை நேரே அடைகிறது. காய் முதிரும் இறுதி வாரங்களில் வறட்சியும் மண்வெப்பமும் மிகுந்தால் செடியின் எதிர்ப்பாற்றல் குன்றி, பூஞ்சை பருப்புக்குள் நுழைகிறது. இங்கு ஈரமன்று, ஈரமின்மையே வாயிலைத் திறக்கிறது. பிடுங்கிய பின்னர் நிலை மாறுகிறது. உலராத காயில் ஈரமும் 25 முதல் 35 பாகை வெப்பமும் சேருமாயின் உள்நுழைந்த பூஞ்சை விரைந்து நச்சைச் சுரக்கும்.

பட்டங்களைக் கருதினால் இதன் பொருள் விளங்கும். ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசியில் அறுவடைக்கு வருகிறது. ஆவணி, புரட்டாசியில் மழை பொய்த்தால் காய் வறட்சியில் முதிரும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பிடுங்கிய கொடி களத்தில் நனையும். முன்னது பூஞ்சையை உள்ளே விடுகிறது; பின்னது அதனை வளர்க்கிறது. புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் தையில் அறுவடையாகும்போது மார்கழிப் பனியின் ஈரம் கதிரில் தங்கியிருக்கும். விளைந்த தானியத்தைத் தார்ச்சாலையில் பரப்பி உலர்த்துவதைப் போக்குவரத்து இடையூறாக மட்டும் காண்பது முழுமையான பார்வையன்று. போதிய உலர்களம் இன்மையின் வெளிப்பாடு அது.

கைக்கொள்ளும் முறையிலும் ஒரு வாயில் உள்ளது. கடலையை உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கம் உண்டு. பல நாள் வெயிலில் உலர்த்திப் பெற்ற பாதுகாப்பு, அந்த ஒரு தெளிப்பில் கரையக்கூடும். ஈரமேறிய பருப்பு உடனே மூட்டையிற் கட்டப்பட்டால் பூஞ்சைக்கு அதுவே போதுமானது.

7. புண்ணாக்கிலிருந்து பாலுக்கு

கடலையை ஆட்டும்போது நச்சின் பெரும்பகுதி எண்ணெயில் செல்லாமல் புண்ணாக்கிலேயே தங்கும். சுத்திகரித்த எண்ணெயில் எஞ்சியதும் காரச் செயல்முறையில் நீங்கிவிடும். சுத்திகரிக்காத செக்கெண்ணெயில் ஓரளவு எஞ்சக்கூடும். செக்கெண்ணெயின் சிறப்பு செக்கைப் பொறுத்தது மட்டுமன்று, ஆட்டிய பருப்பைப் பொறுத்தது என்பது இதனால் பெறப்படும்.

புண்ணாக்கோ பசுவுக்குச் செல்கிறது. பசு உண்ட அஃப்ளாடாக்சின் பி1, அதன் கல்லீரலில் எம்1 என்னும் வடிவமாக மாறிப் பாலில் வெளிப்படுகிறது. உண்ட நச்சில் ஏறத்தாழ 1 முதல் 6 விழுக்காடு வரை இவ்வாறு பாலில் இறங்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் நச்சுள்ள புண்ணாக்கை ஒரு பசு நாளொன்றுக்கு 2 கிலோ உண்பதாகக் கொள்வோம். உட்செல்வது 300 மைக்ரோகிராம். அதில் 2 விழுக்காடான 6 மைக்ரோகிராம் 10 லிட்டர் பாலில் இறங்கினால், லிட்டருக்கு 0.6 மைக்ரோகிராம் ஆகும். இந்தியாவில் பாலுக்கான உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு வேளைத் தீவனத்தின் தரக்குறைவு, வரம்பு கடந்த பாலாக மாறுவது இவ்வளவு எளிது. காய்ச்சுவதால் இது நீங்காது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 368இல் எம்1 அளவு வரம்பைக் கடந்திருந்தது. மாநில வரிசையில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. 551 மாதிரிகளில் 88 வரம்பு மீறியவை. தில்லியும் கேரளமும் அடுத்து வந்தன. பாலில் நீர் கலப்பதையும் பொடி கலப்பதையும் பற்றியே பேசிவந்த பொதுவெளிக்கு இம்முடிவு புதிய செய்தி. இக்கேட்டில் கலப்படம் செய்தவர் எவருமில்லை. பால் கறந்தவர் அறியாமலே, வாங்கியவர் அறியாமலே தீவனத்தின் வழியாக இது வந்து சேர்ந்தது.

இதில் ஆறுதலளிக்கும் உண்மையும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று, நான்கு நாள்களில் பாலிலிருந்து எம்1 பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தவறு கண்டறியப்பட்டால் திருத்தம் விரைவில் கைகூடும்.

8. ஈரச் சுவர்: சான்றின் எல்லை

மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் படரும் கரும்பூசணத்தைக் கண்டு, சோர்வு, மறதி, மூட்டுவலி ஆகிய அனைத்திற்கும் அதன் நச்சே காரணம் எனக் கருதுவோர் இன்று பெருகியுள்ளனர். இது பற்றிச் சான்றுகள் கூறுவது அளவானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1993, 1994 ஆண்டுகளில் கைக்குழந்தைகளுக்கு நேர்ந்த நுரையீரல் குருதிக்கசிவை, வீட்டுச் சுவரின் ஸ்டாக்கிபாட்ரிஸ் பூஞ்சையுடன் முதலில் இணைத்துக் கண்டனர். 2000இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் மறு ஆய்வு செய்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என அறிவித்தது. உலக நல நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டின் ஈரமும் பூஞ்சையும் மூச்சுக்குழல் குறிகளையும் ஆஸ்துமாவையும் மிகுவிக்கின்றன என்பதை ஏற்கிறது. ஈரத்தை நீக்குவதே தீர்வு என்றும் அது வலியுறுத்துகிறது.

ஆகவே, ஈரச் சுவரைப் புறக்கணிக்கலாம் என்பது பொருளன்று. ஆஸ்துமா உள்ளோர்க்கும் குழந்தைகளுக்கும் அது கேடே. அக்கேடு பெரிதும் ஒவ்வாமை வகையைச் சார்ந்தது. உணவின் வழி நேரும் கல்லீரல் நஞ்சூட்டத்தோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது. பூசணம் ஏறிய வைக்கோலையும் தானிய மூட்டைகளையும் மூடிய கிடங்கில் புரட்டும் தொழிலாளர், அவ்வித்துத்தூளை மிகுந்த அளவில் மூச்சில் இழுக்கின்றனர். வேலை முடிந்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் அவர்களுக்குத் தோன்றுமாயின் அதனைச் சளிக்காய்ச்சல் என ஒதுக்கலாகாது.

9. நோயறிதலில் கேட்க வேண்டிய வினாக்கள்

குறி தனித்து நின்று பேசாத நோயில் சூழலே சான்றாகிறது. காமாலையோ காரணமறியாப் பேதியோ ஒரே காலத்தில் சிலருக்குக் கண்டவிடத்துக் கேட்கத்தக்க வினாக்கள் சில உள்ளன. நோயுற்றோர் ஒரே தானியத்தை உண்டனரா? அத்தானியம் மழையில் நனைந்ததா? புதிய மூட்டை பிரித்த பின்னர்க் குறி தோன்றியதா? அதனை உண்ணாத உறவினர் நலமாக உள்ளனரா? நாய், கோழி, ஆடு, மாடு ஆகியவற்றில் நோயோ இறப்போ காணப்பட்டதா?

இவற்றிற்கு ஆம் என்னும் விடை மிகுமாயின் அத்தானியத்தை உடனே விலக்குவதே முதல் மருத்துவம். இந்நச்சுக்கு மாற்று மருந்து இல்லை. கல்லீரலைத் தாங்கும் பொது மருத்துவமே உள்ளது. எஞ்சிய தானியத்தை எரித்துவிடாமல் ஒரு பகுதியைச் சோதனைக்குப் பாதுகாத்தல் வேண்டும். இரத்தத்தில் அல்புமினுடன் பிணைந்த நச்சையும் சிறுநீரில் எம்1 வடிவத்தையும் அளந்தறியும் முறைகள் ஆய்வுக்கூடங்களில் உள்ளன. தீவனத்தைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் அருகிலேயே உள்ளது.

சோதனையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நச்சு மூட்டை முழுதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரே ஒரு பருப்பில் அரை மில்லிகிராம் நச்சு இருக்குமாயின், அது 33 கிலோ நல்ல பருப்பை 15 மைக்ரோகிராம் வரம்பிற்குக் கொண்டுவரப் போதுமானது. ஆகவே, மேலாக அள்ளிய ஒரு கைப்பிடியைச் சோதித்துத் தூயது எனக் கூறுதல் பிழையாகும். பல மூட்டைகளில் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியே நம்பத்தக்கது.

10. தடுப்பு நெறிகள்

பூக்கும் பருவத்தையொட்டி ஜிப்சம் இட்டு மண் அணைத்தலும், இயன்றவிடத்துக் காய் முதிரும் காலத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சுதலும் பூஞ்சை நுழைவைக் குறைக்கும். உரிய முதிர்ச்சியில் பிடுங்கி, காய் மேல்நோக்கி இருக்குமாறு கொடியைக் கவிழ்த்து உலர்த்துதல் நன்று. கடலைப்பருப்பில் ஈரம் 7 அல்லது 8 விழுக்காட்டிற்கும், மக்காச்சோளத்தில் 12 விழுக்காட்டிற்கும் மேற்படாதிருத்தல் வேண்டும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குதல் வேண்டும்.

கைப்பொறுக்கல் எளியதாயினும் ஆற்றல்மிக்கது. சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூசணம் படிந்தவை ஆகிய பருப்புகளிலேயே நச்சின் பெரும்பங்கு செறிந்திருப்பதால் அவற்றை நீக்கினால் எஞ்சியதன் நச்சளவு வெகுவாகக் குறையும். கம்பில் தேன் ஒழுகல் நோயின் கருநிறப் பூஞ்சை முடிச்சுகளை நீக்க, 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து அதில் தானியத்தை இட்டால் அவை மிதக்கும்; அவற்றை அகற்றி, மணிகளை நல்ல நீரில் கழுவி உலர்த்தலாம்.

பொறுக்கி நீக்கியதை யாருக்குக் கொடுப்பது என்பதே இறுதி வினா. அதனைக் கோழிக்கும் மாட்டிற்கும் இட்டால் நச்சு சுற்றிவந்து முட்டையிலும் பாலிலும் நம்மையே அடையும். புதைத்தோ எரித்தோ அழிப்பதால் நேரும் இழப்பைச் சிறு உழவர் ஒருவரே தாங்கும்படி விடுவது முறையன்று. ஊராட்சி அளவில் உலர்களமும், ஈரமானியும், கூட்டுறவுப் பால் சங்கங்களின் வழித் தீவனச் சோதனையும் அமைவது இதனால் இன்றியமையாததாகிறது.

11. முடிவுரை

பூஞ்சையால் நேரும் தொற்று, ஒவ்வாமை, நஞ்சூட்டம் ஆகியன தம்முள் வேறானவை. திண்டுக்கல் சமவெளியின் மானாவாரிச் சூழலில், வறட்சியில் முதிர்ந்து மழையில் உலரும் கடலையும் மக்காச்சோளமுமே நஞ்சூட்டத்திற்கு முதன்மையான வாயில்கள். அந்நச்சு தட்டில் நேராகவும் பாலில் மறைவாகவும் வந்து சேர்கிறது. அதன் குறிகள் பிற நோய்களின் குறிகளோடு கலந்திருப்பதால், உண்டதையும் தீவனத்தையும் வினவாத நோயறிதல் முழுமை பெறாது.

காந்திகிராமம் போன்ற கிராமியக் கல்வி நிறுவனங்களையும் கால்நடை, வேளாண் ஆய்வு நிலையங்களையும் அருகே கொண்ட இம்மாவட்டத்தில், பட்டந்தோறும் கடலை, மக்காச்சோளம், புண்ணாக்கு, பால் ஆகிய நான்கையும் ஒருங்கே ஆராயும் முயற்சி எளிதில் கைகூடத்தக்கது. தமிழாய்வாளருக்கும் இதில் பங்குண்டு. ஊசல், காறல், சொத்தை எனக் கெடுதலை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்ட மொழியில், தொற்றையும் ஒவ்வாமையையும் நஞ்சூட்டத்தையும் பிரித்துரைக்கும் வழக்கு நிலைபெறுமாயின், பேட்டைக்கு வந்த வெங்காயம் வீணே பழிசுமக்க நேராது. சொத்தைக் கடலையும் பசுவின் தொட்டியைச் சென்றடையாது.